தரைக்கு ஏற்ற முளை

கூடாரம் வாங்கும்போது துணியைத் தடவிப் பார்ப்போம். எத்தனை கிலோ, எத்தனை பேர் படுக்கலாம், எவ்வளவு மழை தாங்கும் என்றெல்லாம் கேட்போம். உள்ளே ஒரு சின்னச் சுருக்குப் பையில் போட்டுத் தந்திருக்கும் முளைகளைப் பெரும்பாலும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. கடைக்காரரும் காட்டுவதில்லை. நடுத்தர விலைக் கூடாரங்கள் பலவற்றில் அந்தப் பைக்குள் இருப்பவை பென்சிலைவிட மெல்லிய, தலை வளைத்த இரும்புக் கம்பிகள். புல்தரைக்கு அவை போதும். லடாக்கின் சரளைத் தரையில், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் ஏறி வரும் காற்றுக்கு அவை போதவே போதாது.

லடாக், ஸ்பிதி, உத்தராகண்ட் மலைகளுக்குச் சொந்தக் கூடாரத்தோடு போகிறவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மணல்வெளிக்கும் உரியதை அங்கங்கே சேர்த்துக்கொள்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்லாத் தரைக்கும் பொருந்தும் முளை என்று ஒன்று கிடையாது. அதனால் பத்து முளையும் ஒரே வகையாக வாங்காதீர்கள், விலை உயர்ந்த வகையாக இருந்தாலும் சரி. இரண்டு மூன்று வகையைக் கலந்து எடுத்துப் போங்கள். போய் இறங்கிய இடத்தின் தரையைக் குனிந்து தொட்டுப் பார்த்த பிறகு எதை எங்கே அடிப்பது என்று முடிவு செய்யுங்கள். சில இடங்களில் முளை அடிக்கவே தேவையில்லை; அங்கே கல்தான் துணை.

காற்று எவ்வளவு இழுக்கும்?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, கடல் மட்டத்தில், தனக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 6 கிலோ எடை அளவுக்கு அழுத்தும். 72 கிலோமீட்டர் வேகத்தில் அது 25 கிலோ. இருவர் படுக்கும் கூடாரத்தின் பக்கவாட்டு முகம் 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 50 கிலோ. இந்தச் சுமை எல்லா முளைகளுக்கும் போய்ச் சேர்வதில்லை. காற்று வரும் பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு முளைகள்தான் தாங்குகின்றன, அவையும் சமமாகத் தாங்குவதில்லை. காற்று ஒரே சீராகத் தள்ளாமல் ஓய்ந்து ஓய்ந்து மோதும்போது ஒவ்வொரு மோதலும் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும். ஒரு முளை 20 கிலோ இழுப்பையாவது தாங்க வேண்டும் என்ற கணக்கில் தயாராகுங்கள்.

உயரமான இடங்களில் காற்று மெலிந்திருக்கும் என்பது உண்மைதான். 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதே 72 கிலோமீட்டர் காற்று அங்கே சதுர மீட்டருக்கு 16 கிலோ அளவில்தான் தள்ளும். ஆனால் அதைத் தடுக்க அங்கே மரமோ கட்டடமோ இல்லை. கூடாரம் பறந்து போனால் ஒதுங்க அடுத்த ஊரும் பக்கத்தில் இல்லை. அதனால் இந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

கையில் காற்றுமானி இல்லாதவர்களுக்கு பியூஃபோர்ட் அளவுகோல் உதவும். குடை பிடிக்க முடியாமல் திணறினால் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர். மரத்தின் சிறு கிளைகள் ஒடிந்து, எதிர்க்காற்றில் நடப்பதே சிரமமானால் 60க்கு மேல் 75 வரை.

இமயத்தின் வறண்ட பள்ளத்தாக்குகளில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. காலையில் அமைதியாக இருக்கும். வெயில் ஏறி மலைச்சரிவுகள் சூடானதும் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கிக் காற்று கிளம்பும். மதியத்தில் வலுத்து மாலை வரை அடிக்கும். நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு இதற்குப் பேர் போனது. இரவில் மேலிருந்து குளிர்ந்த காற்று எதிர்த்திசையில் கீழே இறங்கும். நடந்து களைத்து நீங்கள் முகாமிடும் பிற்பகல் மூன்று மணிதான் காற்று மிக வலுவாக இருக்கும் நேரமும். படுத்த பிறகு திசை மாறும் என்பதால் மாலையில் காற்று வந்த பக்கத்தை மட்டும் பலப்படுத்திவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

முளை எப்படிப் பிடிக்கிறது

முளையைப் பிடித்து வைத்திருப்பது அதன் முன்னால், கூடாரத்தின் பக்கம் இருக்கும் மண். கயிறு இழுக்கும்போது முளை அந்த மண்ணை அழுத்துகிறது. மண் நகர மறுத்தால் முளை நிற்கும். மண் இறுக்கமாக இருந்தால் மெல்லிய முளையே போதும், ஆனால் அது உள்ளே இறங்கும்போது வளையாத வலு வேண்டும். மண் தளர்வாக இருந்தால், மெல்லிய முளை தயிரில் கத்தி போவதுபோல மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அங்கே அகலமும் நீளமும் வேண்டும். இறுகிய தரைக்கு மெல்லியதும் வலுவானதும், தளர்ந்த தரைக்கு அகலமானதும் நீளமானதும் என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கடையில் எந்த வகை முளையைக் காட்டினாலும் அது எந்தத் தரைக்கு ஆகும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கூடாரத்தோடு வரும் வளைதலைக் கம்பியில் இன்னொரு குறை இருக்கிறது. அது உருண்டையாக இருப்பதால் மண்ணுக்குள் சுழலும். காற்று கயிற்றை ஆட்ட ஆட்ட முளை மெல்லத் திரும்பி, கொக்கியின் வாய் கூடாரத்தைப் பார்க்க வந்துவிடும். கயிறு தானாகக் கழன்று போகும். முளை தரையில் அப்படியே இருக்கும், கூடாரம்தான் இருக்காது.

மூன்று இதழ் முளை இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒன்றைக் கையில் எடுத்து நுனிப் பக்கத்திலிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவிலிருந்து மூன்று தகடுகள் சம இடைவெளியில் விரிந்து, ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் தெரியும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு தகடாவது மண்ணைத் தடுக்கும் என்பதால் சுழலாது. வளைவதும் கடினம். தலைக்குக் கீழே தகடுகளில் கயிறு உட்கார வெட்டு இருக்கும், பிடுங்குவதற்கு ஒரு சின்னக் கயிற்று வளையம் கட்டியிருக்கும். எம்எஸ்ஆர் நிறுவனத்தின் கிரவுண்ட்ஹாக் இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. 7075 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவையில் செய்தது, 19 சென்டிமீட்டர் நீளம், எடை 14 கிராம் அளவு. அதே வடிவத்தில் மலிவான முளைகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. வடிவம் ஒன்றாக இருந்தாலும் உலோகம் ஒன்றல்ல. இரண்டு கையாலும் பிடித்து நன்றாக அழுத்திப் பாருங்கள். கைவலிமைக்கே வளைந்தால் கல்தரைக்கு ஆகாது.

இதே அலுமினியத்தில் 15 சென்டிமீட்டர் முளைகளும் உண்டு. அவற்றைக் காற்று குறைந்த பக்கத்துக்கும் வாசல் மறைப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். காற்று வரும் பக்கத்துக்கு வேண்டாம். நான்கு சென்டிமீட்டர் குறைத்து மிச்சமாகும் எடை சில கிராம்தான்.

புல்வெளியும் ஈர மண்ணும்

உத்தராகண்டில் புக்யால் என்று சொல்லும் உயர்மலைப் புல்வெளிகள், நம் பக்கத்து மலைகளின் தேயிலைத் தோட்டத்து முகாம் திடல்கள் எல்லாம் முளைக்கு நல்ல தரை. வேர்கள் பின்னி மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கும். மூன்று இதழ் முளையைக் கால்மிதியிலேயே இறக்கிவிடலாம். தலையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மென்மையான செருப்போடு மிதிக்காதீர்கள். கவனிக்க வேண்டியது மழை. மாலையில் அசையாமல் நின்ற முளை, இரவு முழுதும் நனைந்த மண்ணில் காலைக்குள் தளர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்திலும் தேனி மாவட்ட மலைகளிலும் காற்றும் மழையும் சேர்ந்தே வரும். அப்போது ஒவ்வொரு மூலைக்கும் 20 சென்டிமீட்டருக்குக் குறையாத முளை வேண்டும்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூடாரம் அடிப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. இங்கே நான் சொல்வது அனுமதி பெற்ற முகாம் இடங்களுக்கு மட்டும்.

இறுகிப் போன தரை

பல குழுக்கள் தொடர்ந்து தங்கி மிதித்து மிதித்துக் கெட்டியான முகாம் திடல்கள், கோடையில் காய்ந்த செம்மண், வறண்ட ஏரிப்படுகை. இங்கே அலுமினிய முளையைக் கல்லால் ஓங்கி அடித்தால் தலை நசுங்கும், கயிறு உட்காரும் வெட்டில் விரிசல் விடும். இந்தத் தரைக்கு ஆணிதான் சரி.

காரில் போகிறவர்களுக்கு எடை ஒரு பிரச்சினை இல்லை. ஜப்பானின் நீகாதாப் பகுதியில் சஞ்ஜோ, ட்ஸுபாமே என்று இரண்டு ஊர்கள் இரும்புப் பட்டறைத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அந்தத் தொழில் மரபிலிருந்து வந்தவைதான் ஸ்னோ பீக் நிறுவனத்தின் சாலிட் ஸ்டேக் போன்ற, சம்மட்டியால் அடித்து உருவாக்கிய முளைகள். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒன்று 180 கிராம் அளவில் இருக்கும். கெட்டித் தரையிலும் வளையாமல் இறங்கும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் வெல்டிங் பட்டறைக்குப் போய், கட்டடத்துக்குப் போடும் 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைக் கொக்கியாக வளைத்துத் தரச் சொல்லுங்கள். 10 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 617 கிராம் என்பதால் ஒரு முளை 185 கிராம்தான் வரும். கொக்கிக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பியின் மேல் இருக்கும் வரிகள் மண்ணை நன்றாகப் பிடிக்கும். கொக்கியை முழு வளையமாக மூடிவிடச் சொல்லுங்கள். திறந்த முனை வெளியே நீட்டியிருந்தால் இருட்டில் காலைக் கிழிக்கும்.

முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 8 அங்குல இரும்பாணி நல்ல தோழன். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும். தலை சிறியது என்பதால் கயிறு மேலே வழுக்கிக் கழன்றுவிடும். ஒரு வாஷரைக் கோத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை. இதே வேலையை டைட்டானிய ஆணி கிட்டத்தட்டப் பாதி எடையில் செய்யும், விலைதான் பல மடங்கு. இரும்பாணி இரண்டு வைத்திருந்தால் இன்னொரு பயனும் உண்டு. முதலில் ஆணியை அடித்துத் துளை போட்டு, பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் மெல்லிய முளையை இறக்கலாம். முளை வளையாமல் தப்பும்.

கல்லும் சரளையும்

இந்த அத்தியாயத்தின் முக்கியமான பகுதி இதுதான், ஏனென்றால் லடாக்கிலும் ஸ்பிதியிலும் பெரும்பாலான முகாம்கள் ஆற்றுப் படுகையிலோ, பனியாறு அரைத்து இறக்கிவிட்டுப் போன கற்குவியலின் மீதோ அமைகின்றன. மேலே கொஞ்சம் புல் தெரிந்தாலும் நம்ப முடியாது. மார்க்கா பள்ளத்தாக்குப் பயணத்தில் நிமாலிங் போன்ற மேய்ச்சல் வெளிகளில் நாலு விரல் மண்ணுக்குக் கீழே கல் தட்டும்.

முதலில் ஆணியால் தரையைக் குத்திப் பார்க்க வேண்டும். ஆணி கற்களுக்கு இடையில் நழுவி இறங்கினால் அதே துளையில் விட்டுவிடுங்கள். மூன்று இதழ் முளைக்கு அகலம் அதிகம். அது கல்லில் இடித்து நிற்கும் இடத்தில் ஆணி வழி கண்டுபிடித்துப் போகும். கல்லில் முட்டினால் ஓங்கி அடிப்பதில் பலன் இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி மீண்டும் முயலுங்கள். ஐந்தாறு இடத்தில் முயன்றும் பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் முளையை விட்டுவிட்டுக் கல்லுக்கு வந்துவிடுங்கள்.

கல்லைப் பயன்படுத்துவதில் பலரும் செய்யும் தவறு, கயிற்று நுனியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போவது. தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் கல், தன் எடையில் ஏறக்குறையப் பாதி அளவு இழுப்பைத்தான் தாங்கும். கயிறு சாய்வாக மேலே போவதால் கல்லைக் கொஞ்சம் தூக்கவும் செய்கிறது. 20 கிலோ கல் 10 கிலோ இழுப்பைக்கூட முழுதாகத் தாங்காது. 20 கிலோ என்பது ஒருவர் இரண்டு கையால் சிரமப்பட்டுத் தூக்கும் கல். நாம் வழக்கமாக எடுத்து வைக்கும் தேங்காய் அளவுக் கற்கள் காற்று வரும் பக்கத்தில் எதற்கும் உதவாது.

சரியான முறைக்கு இரண்டு கல் வேண்டும், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. கயிற்றின் நுனியில் பெரிய வளையம் போட்டு, அதற்குள் முழங்கை நீளக் கழியையோ, முளையையோ, நீண்ட சிறு கல்லையோ குறுக்காகச் செருகுங்கள். அதைத் தரையில் வைத்து, அதற்கும் கூடாரத்துக்கும் நடுவில் கயிற்றின் மேலேயே பெரிய கல்லை வையுங்கள். காற்று இழுக்கும்போது குறுக்குக் கழி பெரிய கல்லின் முதுகில் போய் முட்டி நிற்கும். கயிறு கல்லுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு வர முடியாது, முழுக் கல்லும் நகர்ந்தால்தான் உண்டு. அந்தக் கல்லும் நகராமலிருக்க அதைப் பாதி புதையும்படி உட்கார வைத்து, கூடாரப் பக்கத்தில் வேறு கற்களை முட்டுக் கொடுங்கள். ஒரே பெரிய கல்லைத் தூக்கிவர முடியாவிட்டால் பத்துப் பன்னிரண்டு கற்களைக் குவித்து அடுக்கலாம். ஏற்கெனவே தரையில் புதைந்திருக்கும் பாறை கிடைத்தால் அதைவிட நல்ல முளை வேறில்லை. கயிற்றை அதைச் சுற்றிப் போட்டுக் கட்டுங்கள்.

இதற்குக் கூடாரத்தின் சொந்தக் கயிற்றைப் பயன்படுத்தாதீர்கள். பாறையின் விளிம்பு இரவெல்லாம் உரசி மெல்லிய கயிற்றை அறுத்துவிடும். 4 மில்லிமீட்டர் தடிமனில், ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஆறு துண்டுக் கயிறு தனியாக எடுத்துப் போங்கள். கல்லில் உரசுவது அந்தத் துண்டாக இருக்கட்டும். கயிறு விளிம்பில் மடங்கும் இடத்தில் பழைய காலுறையையோ துணியையோ சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

எந்தக் கல்லை எடுக்கிறோம் என்பதிலும் மிகுந்த கவனம் வேண்டும். லடாக்கிலும் ஸ்பிதியிலும் பாதையோரத்தில் நீளமாக அடுக்கியிருக்கும் தாழ்ந்த சுவர்களில் மந்திரம் பொறித்த மணிக் கற்கள் இருக்கும். அவை வழிபாட்டுக்கு உரியவை. கணவாய் உச்சியில் குவித்திருப்பவையும் அப்படியே. ஆட்டிடையர்கள் பட்டிக்காக அடுக்கிய கற்களும் ஒருவருடைய உழைப்பு. இவற்றில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. கூடாரத்தைச் சுற்றிக் கிடக்கும் கற்களை மட்டும் எடுங்கள்; கிளம்பும்போது அவற்றைக் கலைத்துப் பழையபடி பரப்பிவிடுங்கள். வட்டமாக அடுக்கிய கற்களை அப்படியே விட்டுப் போகும் வழக்கத்தால் பல முகாம் இடங்கள் பாழாகியிருக்கின்றன. ஸ்பிதியின் சந்திரதால் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கவே தடை உண்டு. முகாம்கள் தள்ளித்தான் இருக்கின்றன. அந்தத் தடையை மதியுங்கள்.

மணலும் பனியும்

இரண்டுக்கும் வழி ஒன்றுதான். செங்குத்தாக அடிக்கும் எந்தக் குறுகிய முளையும் நிற்காது. தகட்டை அரைவட்டமாக வளைத்து உடம்பெல்லாம் துளை போட்ட அகல முளைகள் இதற்கென்றே விற்கிறார்கள். 24 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். காற்று கடுமையாக இருந்தால் அவற்றையும் நட்டு வைக்காமல் படுக்க வைத்துப் புதைக்க வேண்டும். கயிற்றுக்குக் குறுக்காக ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டி, முளையின் நடுவில் கயிற்றைக் கட்டிப் படுக்க வையுங்கள். கயிறு குழியிலிருந்து வெளியே வர ஒரு சாய்வான வாய்க்கால் கீறுங்கள். இல்லாவிட்டால் கயிறு முளையை நேர்மேலே தூக்கும். பிறகு மூடி, நன்றாக மிதித்து விடுங்கள்.

அகல முளை இல்லாவிட்டாலும் குறைவில்லை. துணிப் பையிலோ அரிசிச் சாக்கிலோ மணலை நிரப்பி, வாயைக் கட்டி, அதே மாதிரி புதையுங்கள். மணலில் என் முதல் தேர்வு இந்தச் சாக்குதான். மடித்தால் கைக்குட்டை அளவு, எடை ஒன்றுமே இல்லை, பிடிப்போ எந்த முளையையும்விட அதிகம். நுப்ராவின் ஹுண்டர் மணல்மேட்டிலும் ராஜஸ்தான் பாலைவனத்திலும் காலிச் சாக்கு நான்கு இருந்தால் போதும்.

பனியில் புதைத்த பிறகு அவசரப்பட்டுக் கயிற்றை இறுக்காதீர்கள். மிதித்து அழுத்திய பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைய இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குப் பின் அது கல்லாகிவிடும், காலையில் பனிக்கோடரி இல்லாமல் எடுக்க முடியாது. அதனால் கயிற்றை முளையில் முடிச்சுப் போடாமல், சுற்றிக் கொண்டுவந்து இரண்டு நுனியையும் மேலே கட்டுங்கள். அவசரமானால் ஒரு நுனியை அவிழ்த்துக் கயிற்றை உருவிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

துருவக் கூடாரங்களின் அடியோரத்தில் அகலமான துணிப்பட்டி வைத்துத் தைத்திருப்பார்கள், அதன்மேல் பனியையும் கல்லையும் ஏற்றுவதற்காக. அப்படி ஏற்றியும் போதாமல் போனதுண்டு. 1911 ஜூலையில், அண்டார்க்டிகாவின் நடுக்குளிர்காலத்தில், எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி குரோசியர் முனைக்குப் போன எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட் மூவரின் கூடாரத்தையும் புயல் பிடுங்கிப் போனது. காற்று தணிந்த பின் சரிவுக்குக் கீழே அது கிடைத்ததால்தான் மூவரும் உயிரோடு திரும்ப முடிந்தது. இமயத்தில் குளிர்காலப் பயணம் போகிறவர்கள் வெளியே சுமையை வைப்பதோடு, கூடாரம் எழும்பியவுடனே உள்ளே மூட்டைகளை மூலைக்கு ஒன்றாக வைத்துவிட வேண்டும்.

அடிப்பதும் இழுத்துக் கட்டுவதும்

நல்ல முளையையும் தவறாக அடித்தால் பலன் இல்லை. தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும், நுனி கூடாரத்தை நோக்கிப் போக வேண்டும். எவ்வளவு சாய்வு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 45 பாகை என்று பல கையேடுகள் சொல்கின்றன. நேராக அடிப்பதே நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதிகம் சாய்த்தால் முளை மேல்மண்ணிலேயே படுத்துவிடும், ஆழத்தின் பலன் போய்விடும். நேராக நின்றால் செங்குத்தாக இழுக்கும் கயிறு மெல்ல உருவும். நான் 15 முதல் 20 பாகை சாய்வை விரும்புகிறேன். உண்மையில் சாய்வைவிட ஆழமே முக்கியம். கயிறு உட்காரும் இடம் தரையைத் தொடும்வரை இறக்குங்கள். முழுதும் இறங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கயிற்றைத் தலையில் மாட்டாமல் தரைமட்டத்தில் சுற்றிக் கட்டுங்கள். தலையில் மாட்டினால் அது நெம்புகோலாக மாறி முளையைப் பெயர்க்கும்.

அடித்து முடித்ததும் சோதித்துப் பார்ப்பது நல்லது. விமானப் பயணத்துக்காகப் பெட்டியை எடைபோட வைத்திருக்கும் கைத்தராசு இருந்தால் அதன் கொக்கியை முளையில் கட்டிய கயிற்றில் மாட்டி, கயிறு எந்தச் சாய்வில் போகிறதோ அதே சாய்வில் இழுத்துப் பாருங்கள். 20 கிலோ காட்டும்வரை முளை அசையக் கூடாது. ஊரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்மண் பொட்டலிலும் ஆற்று மணலிலும் இதைச் செய்து பார்த்துவிட்டுப் போனால், ஒவ்வொரு முளையும் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று கைக்கே தெரிந்துவிடும். ஒரு முளை தாங்காவிட்டால் அதற்குப் பின்னால் ஓர் அடி தள்ளி, இழுப்பின் அதே கோட்டில் இன்னொன்றை அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையோடு கயிற்றால் பிணைத்துவிடலாம்.

இழுகயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. கூடாரத்துக்கு அருகிலேயே முளை அடித்தால் கயிறு செங்குத்தாக நின்று முளையை மேலே பிடுங்கும். தள்ளி அடித்தால் கயிறு தாழ்ந்து, மண்ணை முன்னோக்கி அழுத்தும். சாங்தாங் மேட்டுநிலத்தின் சாங்பா மக்கள் யாக் முடியில் நெய்யும் ரெபோ கூடாரத்தைப் பார்த்தால் இது புரியும். கயிறுகள் நாலாபக்கமும் நீளமாக, தாழ்வாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தக் காற்றோடு வாழ்ந்தவர்கள் கண்ட முறை அது. நைலான் கயிறு ஈரத்தில் தொய்யும் என்பதால் இருட்டுவதற்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் இறுக்குங்கள்.

கூடாரத்தின் குறுகிய முகம் காற்றைப் பார்க்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். கழிகளைக் கோத்து நிமிர்த்துவதற்கு முன்னால், துணி தரையில் கிடக்கும்போதே, காற்று வரும் பக்கத்து மூலைகளை முளையடித்துவிட வேண்டும். கூடாரங்கள் பறந்து போவது நள்ளிரவைவிட, இந்த ஐந்து நிமிடத்தில்தான் அதிகம்.

எதை எடுத்துப் போவது

இருவர் கூடாரத்துக்கு, லடாக் அல்லது ஸ்பிதிக்கு, என் பரிந்துரை இது. 19 சென்டிமீட்டர் மூன்று இதழ் முளை ஆறு, வாஷர் கோத்த 8 அங்குல இரும்பாணி நான்கு, துளையிட்ட அகல முளை இரண்டு. எல்லாம் சேர்த்து 300 கிராம் அளவில் வரும். கூடவே கல்லுக்கான துண்டுக் கயிறு ஆறு, காலிச் சாக்கு இரண்டு. பணம் இருந்தால் இரும்பாணியை டைட்டானியமாக மாற்றிக்கொள்ளுங்கள். அகல முளையைக் குறைக்க நினைக்காதீர்கள். முளைத் தலைகளில் ஆரஞ்சு அல்லது சிவப்பு நாடா கட்டுங்கள், சாம்பல் நிற டைட்டானியம் சரளையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. தனியாகச் சுத்தியல் சுமக்க வேண்டாம், இமயத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. உள்ளங்கையில் அடங்கும் தட்டையான கல்லாக எடுத்து, நேர்மேலிருந்து அடியுங்கள். விமானத்தில் முளைகளைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள் என்பதால் பெரிய பையில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

காலையில் கழற்றும்போது காற்று இருந்தால், காற்று ஒதுங்கும் பக்கத்து முளைகளை முதலில் பிடுங்குங்கள். கழிகளை உருவித் துணியைப் படுக்கவிட்டு, சுருட்டிக்கொண்டே வந்து காற்று வரும் பக்கத்து முளைகளைக் கடைசியில் எடுங்கள். இறுகிப் போன முளையைக் கூடாரக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் துணியில் தைத்த காது கிழியும். இன்னொரு முளையை அதன் வளையத்தில் குறுக்காகச் செருகி, இரண்டு கையாலும் திருகி, அடித்த சாய்விலேயே வெளியே எடுங்கள். மண்ணைத் துடைத்துப் பைக்குள் போடும்போது எண்ணிப் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால், பெரிய கல்லுக்கு முதுகாகக் குறுக்கே வைத்த முளையைத்தான் முதலில் தேட வேண்டும்.